வீட்டுப் பொத்தான்

என் வேனை வாங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் ஒரு ஜப்பான்காரி தினமும் காலையில் என்னோடு பேசினாள். சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் இருக்கும் ஸ்க்ரீன் விழித்துக்கொள்ளும். டிங் என்று ஒரு சத்தம். பிறகு அவள் மிக மரியாதையாக, மிகக் கனிவாக, ஒரு நீண்ட வாக்கியம் சொல்லி முடிப்பாள். நானும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு கியரைப் போடுவேன். ஜப்பானில் யாரோ ஓட்டிப் பழசாக்கி அனுப்பிய வேன் அது. ஸ்க்ரீனில் எல்லாம் அந்த ஊர் எழுத்து. வரைபடத்தைத் தொட்டால் ஏதோ ஒரு கடற்கரைப் பட்டணம் வரும். நான் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஆள் ஏற்றிக்கொண்டிருப்பேன், அது நான் நடுக்கடலில் நிற்பதாகக் காட்டும். ரேடியோவும் அவர்கள் ஊர் கணக்கு. நம்முடைய ஸ்டேஷன்களில் பாதி அதற்குள் வரவே வராது.

சகித்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். வேனை ஹயருக்குப் பிடித்து வருகிறவர்கள் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டுக் கேட்டு முகம் சுளித்த பிறகுதான், டவுனில் வண்டிக்கு ரேடியோ, ஸ்க்ரீன் என்று கார் செட் பூட்டும் கடைக்குப் போனேன். கடைக்கு முன்னால் ஒரு காரின் கதவு திறந்திருந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெண்ணின் கால்கள். கால்களுக்கு மேலே எங்கிருந்தோ ஒரு குரல், "கொஞ்சம் இருங்கண்ணே, வாய்ல கிளிப் இருக்கு" என்றது.

அப்படித்தான் செட் அக்காவை எனக்குத் தெரியும். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நான் அவளைவிடப் பத்து வயது மூத்தவன். ஆனாலும் டவுனில் வண்டி ஓட்டும் அத்தனை பேருக்கும் அவள் செட் அக்காதான், எனக்கும் அக்காதான். அவள் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது ஓர் ஆபீசில் உட்கார்ந்துகொண்டு அதையும் அழிக்கச் சொல்வார்கள்.

"சாவியப் போடுங்கண்ணே, பாப்போம்" என்றாள்.

போட்டேன். ஜப்பான்காரி பேசினாள். பழக்கதோஷம், "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அவ என்ன சொன்னான்னு தெரியுமா?"

"தெரியாது."

"எத்தன வருசமா சொல்லிக்கிட்டு இருக்கா?"

"மூணு வருசம் இருக்கும்."

"கார்டு போடல, கார்டு போடலன்னு மூணு வருசமா சொல்றாண்ணே அவ. அவங்க ஊரு ரோட்டுக்குக் காசு கட்டுற கார்டு. அங்கருந்து வர்ற வண்டியெல்லாம் இதத்தான் சொல்லும். நீங்க சரிம்மா சரிம்மான்னு தலையாட்டிக்கிட்டு ஓட்டுறீங்க. நல்ல ஆளுண்ணே நீங்க!"

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி, அதுவும் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்த ஒருத்தி, நாலு பேர் முன்னால் என்னைக் கேலி பண்ணுகிறாளே என்று. ஆனால் வேறு கடைக்குப் போகவில்லை. அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

வேலையைத் தொடங்குமுன் சீட்டின் மேல் ஒரு பழைய பெட்ஷீட்டை விரிப்பாள். கழற்றுகிற ஒவ்வொரு ஆணியையும் ஒரு காந்தத் தட்டில், கழற்றிய வரிசையிலேயே வைப்பாள். அந்தத் தட்டின் பக்கம் யாராவது கை நீட்டினால் கையில் அடி விழும், வண்டி முதலாளியின் கையாக இருந்தாலும். டேஷ்போர்டு மூடியைப் பிரிக்கும்போது மட்டும் யாரும் பேசக்கூடாது. கிளிப் விடுபடும் சத்தத்தை அவள் கேட்க வேண்டும். உடைந்த கிளிப்பை ஒட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருப்பது அவளிடம் கிடையாது. "உடச்சுட்டேன், புதுசு வாங்கிப் போட்டுத் தாரேன்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். கடை முதலாளிக்கு அது பிடிக்காது. சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்பார் அவர். "எனக்குத் தெரியுமே முதலாளி" என்பாள்.

செட்டோடு சண்டை போடுவாள். அதுதான் பார்க்க வேடிக்கை. புதுச் செட்டைப் பூட்டி முடித்ததும் வரைபடத்தைத் திறந்து, ஏதாவது ஒரு தோட்டத்தைத் தேடுவாள். "ரோடு இல்லை" என்று செட் சொல்லும். இவளுக்கு மூக்கு சிவக்கும். "ரோடு இல்லன்னு சொல்ல நீ யாரு? நேத்து அதுலதான நடந்து வந்தேன்!" என்று ஸ்க்ரீனை விரலால் குத்துவாள். மெஷினோடு மல்லுக்கட்டுகிற பைத்தியம் என்று நான் நினைத்ததுண்டு.

எனக்குப் பூட்டிய செட்டில் தமிழ்க் குரல் போட்டுக் கொடுத்தாள். "இனிமே இவ சொல்றதுக்காவது அர்த்தம் தெரிஞ்சு தலையாட்டுங்க." பிறகு ஸ்க்ரீனில் ஓரமாக இருந்த ஒரு பொத்தானைக் காட்டினாள். சின்ன வீட்டுப் படம் போட்ட பொத்தான். எங்கே நின்றாலும் அதைத் தொட்டால் வீட்டுக்கு வழி சொல்லும். அந்தப் பொத்தானை நிரப்பாமல் எந்த வண்டியின் சாவியையும் அவள் திருப்பிக் கொடுத்ததில்லை. அது அவள் வைத்திருந்த சட்டம்.

"வீடு எங்கண்ணே?"

"பதுளை டவுன்தான்."

"அது வாடகை வீடுன்னு அப்பவே சொன்னீங்க. பொறந்து வளந்த வீட்டக் கேட்டேன்."

"அதுவும் டவுன்தான்" என்றேன்.

பொய். நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன். குடும்பத்துக்கு ஓர் அறை என்று பத்து காம்பரா வரிசையாக ஒட்டி நிற்கும் லயம், அதில் ஏழாவது காம்பரா. என் அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. டவுனுக்கு வந்து வேன் ஓட்டத் தொடங்கிய பிறகு, கேட்கிறவர்களுக்கெல்லாம் டவுன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது. அண்ணனைப் பார்க்கப் போனால் வேனைப் பெரிய ரோட்டில் விட்டுவிட்டு நடந்துதான் போவேன். வேன் அந்த லயத்து வாசலில் நிற்பதை ஹயர்காரர்கள் யாராவது பார்த்துவிடக் கூடாதே! வெட்கம்கெட்ட வெட்கம் அது. இப்போது சொல்லிவிடுகிறேன், அப்போது சொல்லவில்லை.

அக்கா என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பொத்தானை வெறுமையாகவே விட்டுச் சாவியைக் கொடுத்தாள். அவள் சட்டத்தை அவளே மீறியது அந்த ஒரு தடவைதான் என்று பிறகு கடையில் சொன்னார்கள்.

அவளும் லயத்துக்காரிதான். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அவள் அதை மறைத்ததே இல்லை. யார் கேட்டாலும், "பீலி லயம், மூணாவது காம்பரா" என்று சத்தமாகவே சொல்வாள். மலையிலிருந்து மூங்கில் வழியாகத் தண்ணீர் விழும் பீலிக்குப் பக்கத்தில் இருப்பதால் பீலி லயம். ஒருநாள் வயர் சுற்றும் டேப்பைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

படிப்பு முடித்து, கொழும்பில் ஒரு தொழில் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள். நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. லயத்துக்கு ஏது முகவரி? அவள் பெயர், தோட்டத்தின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். யாராவது ஆபீஸ் பக்கம் போனால் தங்கள் லயத்துக் கடிதங்களையெல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு வருவார்கள். எல்லாத் தோட்டத்திலும் அதுதான் வழக்கம். அந்தக் கடிதம் பெரிய கிளாக்கரின் மேசை லாச்சிக்குள் கிடந்துவிட்டது. அவள் கைக்கு வந்தபோது நேர்முகம் முடிந்து ஒன்பது நாள்.

"அழுதியா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அழணும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். எங்க வீடு எங்க இருக்குன்னு இனிமே ஆபீஸ் சொல்லக்கூடாது. நானே சொல்வேன்."

சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்பதுதான் விஷயம்.

யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம் என்று திறந்துவிட்ட ஒரு வரைபடம் உண்டு. இன்டர்நெட் எடுக்காத மலையிலும் வேலை செய்யும் என்பதால் அவள் பூட்டும் செட்டில் எல்லாம் அதைத்தான் ஏற்றுவாள். அதில் அவள் தோட்டத்தைப் பார்த்தாளாம். துரையின் பங்களா இருந்தது, பெயரோடு. தேயிலை அரைக்கும் ஸ்டோர் இருந்தது. வெள்ளைக்காரர்கள் போய்ப் படம் எடுக்கும் பாறைகூட இருந்தது. லயங்கள் இருந்த இடம் மட்டும் வெறும் பச்சை. அத்தனை சனம் சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை பெற்று, சாகிற இடம் வெறும் பச்சை! கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தோட்டம் முழுக்க நடந்தாள். பீலி லயம், மேல் லயம், தகரத்து லயம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பரா. கொழுந்து நிறுக்கும் மடுவம். மாரியம்மன் கோயில். கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் கும்பிடுகிற சாமிக்கல். ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஏற்றினாள், தமிழில். சனங்கள் முதலில் சிரித்தார்களாம். பிறகு போட்டி வந்துவிட்டது. "எங்க வாசல் பைப்பையும் போடு", "எங்க கதவு நீலம், அதையும் எழுது" என்று பின்னாலேயே வந்திருக்கிறார்கள். தகரத்து லயத்துக்காரர்கள், தகரம் மாற்றி ஓடு போட்டாயிற்று, இனி அந்தப் பெயர் வேண்டாம் என்று சண்டைக்கே வந்துவிட்டார்களாம். கூட்டம் போட்டுப் பேசி ஓட்டு லயம் என்று மாற்றினாளாம்.

இதில் ஒரு தப்பு செய்தாள். எங்கள் ஆள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தோட்டத்துச் சனத்துக்கு ரோடு என்றால் கால் போகிற பாதை. வண்டி ரோடு மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும்; அதில் யார் நடப்பது? தேயிலைக்கு நடுவே படி வெட்டின குறுக்குப் பாதையில்தான் ஏறி இறங்குவார்கள். அக்காவும் நடந்துதானே வரைந்தாள். தான் நடந்த பாதையை ரோடு என்றே போட்டுவிட்டாள்.

அந்த ரோட்டில் முதன்முதலில் வேனை இறக்கிய பெருமை என்னுடையது.

மொனராகலையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என் வேனில் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். பெண், பீலி லயத்துக்கு மேலே மேல் லயத்தில். ஏழு பேர், தட்டில் பழம், வெற்றிலை, பூ. தோட்டத்துக்குள் நுழைந்ததும் செட்டில் லயத்தின் பெயரைப் போட்டேன். "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்றாள் தமிழ்க்காரி. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எங்களைப் பார்த்து நிமிர்ந்தார்கள். வழக்கமாகத் தோட்டத்தில் பிறந்த எவனும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்தி, "அக்கா, மேல் லயத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்பான். நான் டவுன்காரன் அல்லவா? கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திருப்பினேன்.

"ஏய் வேன்காரரே! அது நாங்க கூடையோட போற பாத! வேன் போகாது!" என்று மலையே சேர்ந்து கத்தியது.

கேட்பதற்குள் முன்சக்கரம் கானுக்குள் இறங்கிவிட்டது. மழைத் தண்ணீர் ஓட வெட்டியிருந்த கான். வேன் சாய்ந்து, இரண்டு தேயிலைச் செடியை மடக்கிக்கொண்டு நின்றது. பழத்தட்டு கவிழ்ந்து தோடம்பழங்கள் படிப்படியாக உருண்டு போயின. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தக் குறுக்கிலேயே இறங்கி நடந்து போனார். கொழுந்துக்காரிகள் பழங்களைப் பொறுக்கி, கழுவித் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். கல்யாணம் பேசி முற்றாகிவிட்டது, அதில் குறை இல்லை. "சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்று செட் மட்டும் சொல்லவில்லை.

வேனை இழுக்க ட்ரக்டர் வேண்டும். ட்ரக்டர் ஆபீசில் இருந்தது. எப்படி அந்தப் பாதையில் இறங்கினாய் என்று பெரிய கிளாக்கர் கேட்க, செட்டையும் கடையையும் மேப் போட்டவளையும் சொல்லிவிட்டேன். அவர் ஆங்கிலத்தில் ஒரு தாளை டைப் பண்ணி நீட்டினார். "கையெழுத்து வச்சிட்டா ட்ரக்டர் வரும்" என்றார். எனக்குப் பின்னால் ஏழு பேர் திரும்பிப் போகக் காத்திருக்கிறார்கள்.

"சரிங்கய்யா" என்றேன். வைத்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து அந்தத் தாளின் பிரதி கடை முதலாளியின் மேசைக்கு வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்கள். அக்கா கையில் தாளோடு நின்றாள். நிதானமாகத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இந்தக் கடையில் வேலை செய்யும் பெண் அனுமதியில்லாமல் தோட்டத்து நிலத்துக்குள் நுழைந்து பொய்யான வரைபடம் தயாரித்தாள். அதனால் என் வேனுக்கும் தோட்டத்துச் செடிகளுக்கும் சேதம். அந்த வரைபடம் முழுவதும் அழிக்கப்பட வேண்டும் என்று கீழே கையெழுத்திட்ட நான் கேட்டுக்கொள்கிறேன்.

"இது ஒங்க கையெழுத்தாண்ணே?"

"ஆமா."

"வாசிச்சீங்களா?"

"இங்கிலீஷ்ல இருந்திச்சு..."

"ஜப்பான்காரிக்கு மட்டுந்தான் தலையாட்டுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். கத்தவில்லை. என் வாழ்க்கையில் நான் பட்ட அவமானங்களில் அதுதான் பெரிசு, அது எனக்குத் தேவையும்கூட.

முதலாளி நல்ல மனுசன்தான், பயந்தவர். "தோட்டத்து ஜீப்பு, லொறி எல்லாம் நம்ம கடைக்குத்தான் வருதும்மா. நாளைக்குள்ள எல்லாத்தையும் அழிச்சிரு. இல்லாட்டி நீ வேற எடம் பாத்துக்கணும். நான் என்ன செய்ய?" என்றார்.

"குறுக்க ரோடுன்னு போட்டது என் தப்பு முதலாளி. அத இப்பவே திருத்துறேன்." போனை எடுத்து அங்கேயே நின்று திருத்தினாள். நடைபாதை, வண்டி போகாது. "லயம் தப்பில்ல. லயத்த அழிக்க மாட்டேன். அது என் வீடு." பிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, வேன எடுங்க. ஆபீசுக்குப் போவோம்" என்றாள்.

தோட்டத்து ஆபீசில் ஒரு பழக்கம் இருக்கிறது. சனங்கள் உள்ளே போவதில்லை. வெளியே நின்று ஜன்னல் வழியாகத்தான் பேசுவார்கள். அக்கா ஜன்னலைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே வாசலுக்குப் போனாள். அவள் பின்னால் போன நான், படியில் கால் வைக்குமுன் செருப்பைக் கழற்றிவிட்டேன். நான் கழற்றவில்லை, என் கால் கழற்றியது. சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் போய்ப் பழகிய கால். டவுனில் எந்த ஆபீசிலும் அது அப்படிச் செய்ததில்லை.

அக்கா குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. "போட்டுக்குங்கண்ணே" என்றாள், மெல்லமாக. போட்டுக்கொண்டேன்.

பெரிய கிளாக்கர் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "லயம் கம்பெனி சொத்து. கம்பெனிக் கட்டடத்துக்குப் பேர் வச்சு ஊருக்கெல்லாம் காட்ட நீ யாரு?"

"அதுல குடியிருக்கிறவ."

"பெர்மிஷன் வாங்கினியா?"

"என் வீடு எங்க இருக்குன்னு சொல்ல எதுக்குங்க பெர்மிஷன்? பங்களாவுக்கு மேப்புல பேரு இருக்கே, அதையும் அழிக்கச் சொல்லி எழுதுவீங்களா? எழுதுங்க, ரெண்டையும் சேத்தே அழிக்கிறேன்."

கிளாக்கர் மேசையில் கிடந்த தாள்களை அடுக்கத் தொடங்கினார். அந்த இடைவெளியில்தான் எனக்கு வாய் வந்தது. "ஐயா, அந்தத் தாள நான் வாசிக்காம வச்சது. திருப்பித் தாங்க."

"கையெழுத்து வச்சா வச்சதுதான்" என்று சிரித்தார்.

"அப்ப இன்னொண்ணு எழுதி வைக்கிறேன்" என்றேன். எங்கிருந்து வந்ததோ அந்தத் துணிச்சல், அவள் பக்கத்தில் நின்றால் யாருக்கும் வரும். கடைப் பில் ஒன்றின் பின்பக்கத்தில், நின்ற நிலையில், தமிழில் எழுதினேன். வழி கேட்காமல் வேனைத் திருப்பியது என் பிழை. அங்கே லயங்கள் இருப்பது உண்மை. அதில் சனங்கள் இருப்பது உண்மை. கையெழுத்து வைத்து மேசையில் போட்டேன். அவர் அதைத் தொடவில்லை. அக்கா போனில் படம் பிடித்துக்கொண்டாள்.

புறப்படும்போது, "பீலி லயத்துக் கடுதாசி இருந்தா குடுங்க, கொண்டுபோறேன்" என்றாள். வழக்கம்தானே, மறுக்க முடியாது. லாச்சியைத் திறந்து ஒரு சின்னக் கட்டை எடுத்துக் கொடுத்தார். மேலே இருந்ததில் இரண்டு மாதத்துக்கு முந்தின முத்திரை. அதை அவர் முகத்துக்கு நேரே ஒரு நிமிடம் பிடித்தாள், அவ்வளவுதான்.

இந்தத் தடவை வண்டி ரோட்டிலேயே சுற்றிக்கொண்டு போனோம். லயத்து வாசலில் வேன் நின்றதும் செட் சொன்னது: "சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள். பீலி லயம்."

வாசலில் நின்ற சனம் அப்படியே நின்றது. கொழுந்தெடுக்கக் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டியிருந்த ஒரு பெண் ஜன்னல் பக்கம் வந்தாள். "என்னா சொல்லிச்சு? நம்ம லயத்தயா? இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்க."

வேனைப் பின்னால் எடுத்து வளைவு வரை போய்த் திரும்பி வந்தேன். பீலி லயம் என்றது. இன்னொரு தடவை என்றார்கள். நாலு தடவை போய் வந்தேன். அக்கா படியில் உட்கார்ந்து ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தாள். டீசலைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் வரவில்லை.

மறுநாள் அவள் வேலை போய்விட்டது. அழிக்க மாட்டேன் என்றாள், முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். காந்தத் தட்டு, திருப்புளி, பெட்ஷீட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு வீட்டில் அம்மா மட்டும்தான், வருமானம் அவளுடையது ஒன்றுதான். முகத்தில் அது தெரிந்தது. பயமும் தெரிந்தது. பயந்துகொண்டே நிமிர்ந்து நின்றாள், அதனால்தான் அவளை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். பயமே இல்லாதவர்கள் துணிந்து நிற்பதில் என்ன இருக்கிறது?

பஸ் ஏற்றிவிட நான்தான் போனேன். ஏறும்போது சொன்னாள். "ஒங்க செட்ல வீட்டுப் பொத்தான் இன்னும் வெறுமையாத்தான் கெடக்கு. வாடகை வீட்டப் போடாதீங்க. செருப்பக் கழட்டப் பழகின எடத்தப் போடுங்க."

கொஞ்ச காலம் வெலிமடையில் கிழங்கு லொறிகளுக்குச் செட் பூட்டிக்கொண்டிருந்தாள் என்று கேள்வி. அதற்கு மேல் தெரியாது. ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது யாரோ அந்த லயங்களை வரைபடத்திலிருந்து அழிக்கிறார்கள். ஒரு வாரத்துக்குள் அவை திரும்ப வந்துவிடுகின்றன. ஓட்டு லயம் உட்பட. எங்கேயோ இருக்கிறாள், மூக்கு சிவக்க ஸ்க்ரீனைக் குத்திக்கொண்டு இருக்கிறாள் என்று நான் தெரிந்துகொள்கிறேன்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தேன். பசறைப் பக்கம், என் தோட்டத்தில். அண்ணன் கூடவே வந்தார். குறுக்கைக் குறுக்கு என்றும் ரோட்டை ரோடு என்றும் போட்டேன். அக்காவின் தப்பை இன்னொரு தடவை செய்தால் அவள் சும்மா விடமாட்டாள். தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குப் பக்கத்து லயம் எங்களுடையது. தவறணை லயம் என்று எழுதினேன். செட்டில் வீட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்து, அந்த இடத்தைக் காட்டினேன்.

போன மாதம் அண்ணன் மகள் வயதுக்கு வந்த சடங்குக்கு வேனிலேயே போனேன், குடும்பத்தோடு. தோட்டத்து வாசலில் புதிதாகச் சங்கிலி கட்டியிருந்தார்கள். காவல்காரன் வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"வெளி வேன் உள்ள போக ஏலாது. ஆபீஸ்ல பெர்மிஷன் எடுத்தீங்களா? யாரப் பாக்கப் போறீங்க?"

ஒரு காலத்தில் வேனை ஓரம் கட்டிவிட்டு, "சரிங்க" என்று நடந்திருப்பேன். நான் இன்ஜினை நிறுத்தவில்லை. கையை நீட்டிப் பொத்தானைத் தொட்டேன். வரைபடம் விரிந்தது. சங்கிலிக்கு அந்தப் பக்கம் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போய் ஒரு சின்ன வீட்டுப் படத்தில் முடிந்தது.

"யாரையும் பாக்கப் போகல தம்பி. வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

அவன் ஸ்க்ரீனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பின்சீட்டில் பட்டுச்சேலையில் இருந்த என் மனைவியைப் பார்த்தான். ஆபீஸ் இருக்கும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, குனிந்து சங்கிலியை அவிழ்த்தான்.

"நேராகச் செல்லவும்" என்றாள் தமிழ்க்காரி.

"சரிம்மா" என்றேன்.